சத்தம் கேட்காத தெரு

விமான நிலையத்தில் என் பையை ஒரு துண்டு வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு மிஷினுக்குள் விட்டார்கள். மிஷின் கூப்பாடு போட்டது. வேறு துணியால் துடைத்தார்கள். மறுபடியும் கூப்பாடு. அதிகாரி ஒருவர் வந்து, "வெடிமருந்து ஏதாவது தொட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

கேட்டாரே ஒரு கேள்வி. பை என் கொழுந்தனுடையது. பட்டாசு ஏஜென்டான அவர் ஊர் ஊராகச் சாம்பிள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைவது அந்தப் பையில்தான். புதுப்பை எதற்கு என்று சிக்கனம் பார்த்து இரவல் வாங்கி வந்திருந்தேன். "எந்த ஊரு?" என்றார். "சிவகாசி" என்றேன். மனிதர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பையைக் கவிழ்த்து, சேலைகளை உதறி, பால்கோவா டப்பாவைத் திறந்து, காராச்சேவுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். ஒரு பொட்டலம் பாதி தூளாகிவிட்டது. சாத்தூர்ச் சேவு. விமானம் ஏறிய பிறகும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை.

நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சிவகாசியில் சின்னதாக ஒரு காலண்டர் கம்பெனி. ஆடிப்பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். அதற்கு முந்திய வாரங்களில் வீட்டில் சோறு பொங்குவதே அதிகம். அந்த நேரம் பார்த்து என்னை டோக்கியோவுக்கு அனுப்பிய புண்ணியவதி என் அம்மா.

தங்கச்சி பாண்டிச்செல்வி அங்கே ஏழு வருஷமாக இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா சீக்கிரமே காய்ச்சலில் போய்விட்டதால் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தது நான்தான். அவளுக்கு அச்சு மிஷின் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. சிவகாசியில் அவர்கள் ஒரு சர்வீஸ் ஆபீஸ் திறக்கப் போகிறார்கள். "அங்கே போகிறாயா, இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறாயா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு திங்கட்கிழமையைக் கெடுவாக வைத்துவிட்டார்களாம். அம்மா, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலிருந்து எனக்குப் போன் போட்டாள்.

"நீ ஒரு எட்டு போயிட்டு வா. போனுல கேட்டா மழுப்புதா. நேர்ல உக்காந்து பேசிக் கையோட கூட்டியாந்துரு."

"அது என்ன பக்கத்துல இருக்க திருத்தங்கலா, ஒரு எட்டு போயிட்டு வர?" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள். அவளுக்கு விருப்பமில்லாத பேச்சு வந்தால் அப்படித்தான்.

டோக்கியோவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் என்ன புதிதாகச் சொல்ல. பொங்கலுக்கு மதுரை பஸ் ஸ்டாண்டில் இருக்கிற கூட்டம் அங்கே ஒரு சாதாரண ஸ்டேஷனில், ஒரு சாதாரணக் காலையில். ஆனால் பேச்சுச் சத்தம் கிடையாது. செருப்புச் சத்தம் மட்டும். ரயிலில் அத்தனை பேரும் வாயை மூடி நிற்கிறார்கள். அந்த ரயிலில் என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"ஏ மாரி, பழனி முருகன் படத்துல வேலு நுனி வெட்டுப்பட்டு வந்திருக்கு. லோடு முச்சூடும் அப்படித்தான். என்ன செய்ய?"

"வேலை வெட்டிட்டீகளா? முருகனுக்கே வேலு இல்லாம எவன் வாங்குவான்?" என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டி முழுக்க அவரவர் கால் கட்டைவிரலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பாண்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். எதிரில் இருந்த ஒரு பெரியவர் அவளிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விசாரித்தாராம்.

நகரத்தின் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஒரு பகுதியில் இறங்கினோம். பகுதியின் பெயரை எழுத மாட்டேன். "பேரு போட்டு எழுதிராதக்கா, பெறகு கூட்டம் வந்துரும்" என்பது பாண்டியின் உத்தரவு. ஸ்டேஷனுக்கு வெளியே கடைத்தெரு, பரபரப்பு, விளக்குப் பலகைகள். ஒரு பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் திரும்பினோம். அப்புறம் இன்னொரு திருப்பம். சத்தம் நின்றுவிட்டது. யாரோ மோட்டார் சுவிட்சை அணைத்த மாதிரி.

ஒரு கார் நுழைய முடியாத தெரு. இரண்டு பக்கமும் மாடி வைத்த மரவீடுகள், சில புது வீடுகளும். வீட்டுக்கு முன்னால் தோட்டம் போட இடம் கிடையாது என்பதால் ஆளாளுக்குத் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தொட்டி கிடைக்காதவர்கள் மீன் பெட்டியில் மண் போட்டுக் கத்தரிக்காய் வளர்த்திருந்தார்கள். சைக்கிள்கள் பூட்டாமல் நின்றன. மாடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி மணி காற்றுக்கு ஆடி ஆடி ஒலித்தது. சுவரில் படுத்திருந்த பூனை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடியது. வெயில் மட்டும் அசல் எங்கள் ஊர் வெயில். அதோடு வியர்வை வேறு பிசுபிசுத்தது.

"எப்பிடி இருக்கு?" என்றாள் பாண்டி. "என்னத்த சொல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன். வந்த காரியத்துக்கு அந்தத் தெரு ஒத்துழைக்காது என்று அப்போதே எனக்குப் பட்டது.

மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் விடியலிலேயே விழிப்பு வந்துவிட்டது. பாண்டி தூங்குகிறாள். வாசலில் ஒரு வாளியும் மூங்கில் பிடி வைத்த அகப்பையும் இருந்தன. வாளியை நிரப்பி வாசல் தெளித்தேன். கை நம் ஊர் வீச்சுக்குப் பழகிய கை அல்லவா, எங்கள் வாசலோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வாசல், எதிர்வீட்டு வாசல், பூனை படுத்திருந்த சுவர் எல்லாம் நனைந்துவிட்டன. பூனை போய்விட்டது.

பக்கத்து வீடு ஒரு சலவைக் கடை. கடைக்காரர் ஹருகோ சான் ('சான்' என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது), அறுபது வயதிருக்கும், குட்டையான உருவம், எப்போதும் கழுத்தில் ஒரு பூத்துண்டு. கதவைத் திறந்தவர் நனைந்த வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடுப்பு வரை குனிந்து ஏதோ சொன்னார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பயம் வந்து நான்தான் முதலில் நிறுத்தினேன்.

அடுத்த நாள் நான் எழுந்து வருவதற்குள் எங்கள் வாசல் நனைந்திருந்தது. அளவாக, ஓரம் பிசகாமல். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பதை அந்த அம்மாள் தண்ணீரில் செய்து காட்டியிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் இன்னும் முந்தி எழுந்தேன். பாண்டி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒருத்தவுக வாசலை இன்னொருத்தர் முழுசாத் தெளிச்சா, நீ உன் வேலையச் செய்யலன்னு குத்திக் காட்டுற மாதிரிக்கா. கொஞ்சூண்டு, ஒரு கை அகலம் அடுத்த வீட்டுப் பக்கம் போகலாம். அதுக்கு மேல போனா அவுக பதிலுக்குச் செய்யணுமேன்னு தூங்க மாட்டாக." அன்று மாலை மன்னிப்புக்குக் காராச்சேவு கொண்டுபோனேன். நொறுங்காத பொட்டலம்தான். ஹருகோ சான் ஒவ்வொரு சேவாக எடுத்து, தட்டில் வைத்து, கடித்து, பார்லி தண்ணீரைக் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார். அந்தப் பொட்டலம் அவருக்கு அடுத்த ஆடி வரைக்கும் வரும்.

பாண்டி வேலைக்குப் போன பகல்களில் நான் தனியாக அலைந்தேன். ஒரு நாள் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் ஸ்டேஷனில் நிற்காத வண்டியில் ஏறிவிட்டேன். பெயர்ப்பலகை ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறது, நான் கதவைத் தட்டுகிறேன், யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் நின்றதும் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் பாண்டி எழுதிக் கொடுத்த முகவரியைக் காட்டினேன். அவள் தன் வண்டியை விட்டுவிட்டு என்னை எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், சரியான வண்டியில் ஏற்றி, அது கிளம்பும்வரை நின்று குனிந்தாள். எங்கள் ஊர் என்றால் வண்டியில் பாதிப் பேர் எனக்கு வழி சொல்லியிருப்பார்கள், பாதிப் பேர் அது தப்பென்று அவர்களோடு சண்டை போட்டிருப்பார்கள், நான் எந்த ஊர், யார் மகள் என்பதுவரை வந்திருக்கும். இரண்டும் நல்லதுதான். அன்றைக்கு எனக்கு இரண்டாவதற்கு ஏக்கமாக இருந்தது.

ஆனால் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் ஏக்கம் போய்விடும். மாலை ஐந்து மணிக்கு எங்கோ கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய இசை வரும். பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் என்று நகராட்சி சொல்கிறதாம். எங்கள் ஊர் நகராட்சிச் சங்கை நினைத்துக்கொள்வேன். அது ஊதினால் தொட்டில் குழந்தை எழுந்துவிடும். முக்கில் டோஃபு கடை. சோயா பாலில் செய்த பனீர் மாதிரியானது, உப்புச் சப்பில்லை. நான் அதன் மேல் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டேன், பிரமாதம். பாண்டியும் ஏழு வருஷமாக அப்படித்தான் சாப்பிடுகிறாளாம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி இருவரும் பேசிப் பேசி எச்சில் விழுங்கினோம்.

ஐந்தாம் நாளோ என்னவோ, சமைத்துக்கொண்டே நான் விஷயத்துக்கு வந்தேன். "அம்மாவுக்கு என்ன பதில் சொல்லப்போற?"

பாண்டி அடுப்பைச் சின்னதாக்கினாள். "இங்கன ஒரு நாளாச்சும் சத்தம் கேட்டியாக்கா?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் 'சத்தம்' என்றால் ஒரே அர்த்தம்தான். திடீரென்று பூமி ஒரு தரம் உதறும். ஜன்னல் கண்ணாடி அதிரும். உடனே எல்லோரும் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்போம், புகை எந்தத் திசையில் என்று. பிறகு போனை எடுப்போம். எங்கள் அம்மா பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். பாண்டி காலேஜில் படித்தபோது ஒரு சித்திரை மதியத்தில் சத்தம் கேட்டது, புகை அம்மாவின் கம்பெனித் திசையில். நான் அப்போது பிரசவித்துக் கிடந்தேன். பாண்டிதான் ஓடினாள், வெறுங்காலோடு, தார் ரோட்டில். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் போனபோது அந்தப் பெட்டிக்குள் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தனவாம். எடுப்பதற்கு ஆள் இல்லை. அம்மா பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடி, சுற்றிக்கொண்டு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை பாண்டி அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். பாதம் இரண்டும் கொப்பளித்துப் போயிற்று. எல்லாருடைய அம்மாவும் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

"அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், சத்தம் கேக்காத ஊருக்குப் போயிருவேன்னு" என்றாள் பாண்டி. "எத்தனையோ வீடு பாத்தேன். ரயில் சத்தம், ரோட்டுச் சத்தம். இந்தத் தெருவுல வந்து நின்னதும் எனக்கு அழுக வந்துருச்சு. அம்மாவ வேலைய நிறுத்துன்னாலும் நிறுத்த மாட்டேங்குறா. வீட்டுல சும்மா உக்காந்து என்ன செய்யன்னு கேக்குறா. நா எப்பிடிக்கா திரும்பி வர?"

மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன், அம்மாவிடம் போய், "அவ நிம்மதியா இருக்கா, விட்டுரு" என்று சொல்லிவிடுவதென்று. அம்மா என்னைத் திட்டுவாள். திட்டட்டும். நானாக இருந்தாலும் அந்தத் தெருவை விட்டு வர மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் பாண்டி என்னை விரட்டினாள். "கெளம்புக்கா, மலைப்பக்கம் ஒரு கோயில் இருக்கு, ராத்திரி வரை அங்கனயே இருந்துட்டு வரலாம்."

"நா எங்கயும் வரல. இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு. இந்தத் தெருவுலயே உக்காந்திருக்கேன்" என்றேன். இரண்டு மூன்று தரம் கெஞ்சினாள். என் பிடிவாதம் ஊரறிந்தது. எதையோ சொல்ல வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, சொல்லாமல் கீழே இறங்கிப் போனாள்.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மணி பத்து இருக்கும். சத்தம் கேட்டது.

வயிற்றுக்குள் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி மணி தானாக ஆடியது. எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கித் தெருவுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தேன். ஆற்றுப் பக்கம் ஒரு வெள்ளைப் புகை உருண்டை. இரண்டாவது சத்தம். மூன்றாவது சத்தம். "அம்மா எங்க?" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. தெருவில் ஒருவரும் பதறவில்லை. டோஃபு கடைக்காரர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தெரு முக்கில் பாண்டி நின்றாள். எனக்கு முந்தியே ஓடியிருக்கிறாள். வெறுங்கால். காதில் போன். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னத்தா, இம்புட்டு வெள்ளன?" என்றது அம்மாவின் குரல். அங்கே அப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரம்.

"எங்கம்மா இருக்க?"

"குழாயடிகிட்ட வேனுக்கு நிக்கேன். எனக்கென்ன, கல்லுகணக்கா இருக்கேன். வருசா வருசம் ஆடி மாசம் ஒரு நாளு இப்பிடி வெள்ளனப் போன் போட்டு எங்க இருக்கன்னு கேப்ப. கெட்ட கனாக் கண்டிருப்பன்னு நானும் ஒண்ணும் கேக்கறதில்ல. வேன் வந்துருச்சு, வைக்கேன்."

பாண்டி அப்படியே தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று மாலை ஆற்றங்கரையில் வாணவேடிக்கைத் திருவிழா. மழையில்லை, திருவிழா உண்டு என்று ஊருக்குத் தெரிவிக்கக் காலையில் மூன்று வெடி போடுவார்களாம். ஏழு வருஷமும் அவளுக்கு அது தெரியும். எந்த நாள், எந்த நேரம் என்று அறிவிப்புப் பலகையில் படித்துவிடுவாள். "புத்திக்குத் தெரியுதுக்கா, காலுக்குத் தெரியல" என்றாள். "உன்னய மலைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு பாத்தேன். நீ வந்து தொலைக்கல."

அப்போதுதான் ஹருகோ சான் தன் கடையிலிருந்து வந்தார். கையில் ஒரு ஜோடி நீலப் பிளாஸ்டிக் செருப்பு. பாண்டியின் காலடியில் குனிந்து வைத்தார். பக்கத்தில் என் கால்களைப் பார்த்தார். திரும்பிப் போய் இன்னொரு ஜோடி கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். பாண்டியிடம் இரண்டு வரி சொன்னார். பிற்பாடு பாண்டி எனக்குச் சொன்னாள்: "முதல் வருஷம் உன் பாதத்தில் கண்ணாடி குத்தியது. அதனால் இந்த நாளில் செருப்பைக் கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வேன். இந்த வருஷம் இரண்டு ஜோடி வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது, மன்னிக்க வேண்டும்." எதற்காக ஓடுகிறாய் என்று அவர் ஒரு தரமும் கேட்டதில்லையாம்.

செருப்பை மாட்டிக்கொண்டு நாங்கள் எழுந்தோம். தெரு முடிகிற அந்த முக்கைப் பாண்டி காட்டினாள். அதற்குமேல் ஆற்றுக் கரைச் சுவர்.

"அங்கனன்னா ஓடிப் போயிப் பாத்துரலாம்க்கா. கேட்டுல போயி நிக்கலாம். இங்கன ஓடுனா இந்த முக்கு வரைக்குந்தான் போக முடியுது. ஒவ்வொரு வருசமும் இங்கன வந்து நின்னுட்டு, மேல எங்க போறதுன்னு தெரியாமத் திரும்பி வாறேன்."

வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சொல்ல வந்த இரண்டும் எனக்குப் பொய்யாகத் தெரிந்தன.

மாலையில் ஹருகோ சான் பாய் கொண்டுவந்தார். பாண்டி முதல் தடவையாக வாணவேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்கு வந்தாள். பூ விரிகிற ஒவ்வொரு தரமும் சனங்கள் வாய்க்குள்ளேயே "ஓ" என்றார்கள். இதை எந்தக் கைகள் உருட்டியிருக்கும், அந்தக் கைக்காரர் இப்போது வீட்டில் இருப்பாரா என்றுதான் எனக்கு நினைப்பு போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாண்டியின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. சத்தங்களுக்கு நடுவே, "திங்கக்கெழம கம்பெனில வாறேன்னு சொல்லிர்றேன்" என்றாள். ஹருகோ சானுக்கு அதை அவளே மொழிபெயர்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எங்களுக்கு ஆளுக்கொரு சோற்று உருண்டை கொடுத்தார்.

நான் கிளம்பிய அன்று காலையில் வாசலைத் தெளித்தேன். எங்கள் வாசல், அப்புறம் ஒரு கை அகலம். ஹருகோ சான் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் கழுவித் துடைத்து, காகிதப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். கொழுந்தனின் பையில் வைக்காமல் கையிலேயே கொண்டுவந்தேன். ஒரு மிஷினும் கத்தவில்லை. ஆல்பப் பூஜைக்குச் சரியாக வந்து சேர்ந்தேன். முருகனுக்கு வேல் ஒட்டியிருந்தது.

பாண்டி கார்த்திகையில் வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், "இனிமே வேலைக்குப் போகல" என்று சத்தியம் செய்தாள், தை பிறந்ததும் வேனில் ஏறிவிட்டாள். "இந்த சீசன் மட்டுந்தான்." பாண்டி சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். அம்மா மசியவில்லை. சிவகாசியின் லாரி ஹாரனும் மிஷின் இரைச்சலும் பழகுவதற்குள் பாண்டி இளைத்துவிட்டாள். எனக்கே அந்தத் தெருவின் நினைப்பு வந்துகொண்டிருந்தது. விடியலில் வாளியைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி மணி காதுக்குள் ஆடும். இவளை அங்கிருந்து பிடுங்கி வந்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பங்குனியில் ஒரு மதியம் சத்தம் கேட்டது. எங்கள் காலண்டர் கம்பெனி வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன். புகை விஸ்வநத்தம் திசையில். பாண்டிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். வழி முழுக்க நான் கும்பிடாத சாமி இல்லை.

அம்மாவின் கம்பெனிக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம். போன் பெட்டியைத் திறந்து வைத்து, அவரவர் போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் அடுத்த கம்பெனியில். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த அறையாம், யாருக்கும் ஒன்றும் இல்லை. மரத்தடியில் தூக்குச்சட்டியை மடியில் வைத்து அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தரையில் பாண்டி, அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. விஸ்வநத்தம் ரோட்டிலிருக்கும் ஆபீஸிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். காலில் ஒன்றுமில்லை. பாதம் சிவந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுதேன், கைய விட மாட்டேங்குறா" என்றாள் அம்மா என்னிடம். பாண்டியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோக்கியோவிலிருந்து அந்த ஆடிமாசப் போன்களைப் போட்டபோதெல்லாம் மகளின் கால் எப்படி இருந்திருக்கும் என்று அம்மா அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

நான் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். ஊருக்கு வந்ததும் ஒரு ஜோடியை நான் தேய்த்துத் தீர்த்துவிட்டேன். இன்னொரு ஜோடியைப் பாண்டி வேண்டாம் என்று சொன்னதால் சீட்டுக்கு அடியிலேயே போட்டு வைத்திருந்தேன். நீலச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் குனிந்து அவள் காலடியில் வைத்தேன். எதற்கு ஓடினாய் என்று கேட்கவில்லை. ஹருகோ சான் கேட்காததுபோலத்தான்.

பாண்டி செருப்பைப் பார்த்தாள். ஏழு வருஷத்து அழுகையை அன்றைக்கு அழுதாள். அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் செருப்பை எடுத்துத் தன் கையாலேயே அவள் காலில் மாட்டிவிட்டாள்.

"எந்திரித்தா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். பிறகு பெட்டிப் பக்கம் போய்த் தன் போனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். காவல்காரர், "என்னக்கா, இன்னும் ரெண்டு மணி நேரம் வேலை இருக்குல்ல?" என்றார்.

"இனி அந்தப் பெட்டியில என் போனு கெடக்காதுய்யா" என்றாள் அம்மா.